எஞ்சினில் பூத்த உப்பு

சூசைரட்ணத்தின் பழைய ஜப்பான் வாடகைக் காரை டிக்கோயாவில் தெரியாதவர்கள் குறைவு. சுற்றுப்பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் முதல் போன் அவருக்குத்தான் வரும். அப்படிப்பட்ட வண்டியில் சில மாதங்களாக மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினில் கோளாறு என்று சொல்லும் விளக்கு. என்ன கோளாறு என்று மட்டும் வாய் திறக்காது. போன வாரம் வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிப்போகும்போது, நடு மேட்டில் வண்டி உதறி நின்றேவிட்டது. வேறு வண்டி வந்து சேரும்வரை அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்த முறையும் சரிவராவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் அம்ஜத்தும் லேசில் விடுகிற ஆளில்லை. கம்ப்யூட்டரைச் செருகினால், ஒரே சிலிண்டர்தான் சரியாக எரியவில்லை என்று வரும். பிளக்கை மாற்றினான், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் மாற்றினான். விளக்கு அணையும். ஞாயிறு பூசை கழிந்து திங்கள் விடிந்தால் மறுபடி பல்லைக் காட்டும்.

இன்று அவன் டோர்ச் அடித்து பிளக் குழிக்குள் விரலை விட்டான். ஈரம். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினான்.

“உப்புண்ணே. இந்த மலை மேல உப்புத்தண்ணி எங்க இருந்து வந்துச்சு? எஞ்சினுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துறாங்களா?”

“உனக்கென்ன பைத்தியமா, யாரு ஊத்தப் போ…” சூசைரட்ணம் பாதியில் நிறுத்தினார்.

தேவாலயத்தில் பங்குச் சாமியார் உப்புக் கலந்து மந்திரித்துக் கொடுக்கும் தீர்த்தத்தை, மனைவி மரியநாயகி ஞாயிறுதோறும் போத்தலில் கொண்டுவருவாள். கார் கண்ணாடியில் இரண்டு துளி தெளிப்பாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சித்திரையில் மகன் றொனால்ட் ஆட்டோவோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோன பிறகு, அவளுக்கு எந்த வளைவின் மேலும் நம்பிக்கையில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டார். அவள் ஒளிக்கவில்லை.

“வெளிய தெளிச்சா பத்தாதுன்னு தோணுச்சுங்க. முன் மூடியத் தொறந்து எஞ்சின் மேலயே ஊத்துனேன். லைட்டு எரியுதுன்னு நீங்க சொன்னதுல இருந்து இன்னும் நெறைய ஊத்துனேன். நீங்களாச்சும் வீடு வந்து சேரணும்ல?”

திட்டத்தான் வந்தார். ஆனால் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

“வண்டிய அம்ஜத் பாத்துக்குவான் நாயகி. நீ எனக்கு ஊத்து.”

அந்த விளக்கு அதன் பிறகு எரியவில்லை. சூசைரட்ணம்தான், எவ்வளவு குளிரானாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத் தலையோடு ஹயர் ஓட்டப் போகிறார்.