அகரம்தென்னைத் தாண்ட முடியவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடைக்காலச் சனிக்கிழமை காலை. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. போர் தண்ணீர் நின்றுபோய், தண்ணீர் தேக்கும் தரையடித் தொட்டியான சம்ப்பில் அடித்தரை தெரிந்தது. லாரித் தண்ணீர் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவருக்குக் கண் நரம்பு பாதிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே பார்வை முழுதாகப் போயிருந்தது. அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவர். கம்ப்யூட்டர் பழகிக்கொண்டு திரும்பி வாருங்கள், உங்கள் வேலை அப்படியே இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இவர்தான் ஒருநாள் மனம் தளர்ந்துபோய் என்னிடம், "வேலைய விட்டுடறேம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அண்ணனும் நானும் ஆக வேண்டியதைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். விருப்ப ஓய்வுக் கடிதத்தை நானே டைப் அடித்தேன். திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அன்று காலை, "தண்ணி லாரிய நான் புக் பண்றேன், நீ உன் வேலையப் பாரு" என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். மௌஸ் அவருக்குப் பயன்படாது. எல்லாமே கீபோர்டுதான்.

லாரிக்காரர்களின் இணையப் பக்கத்தில் முதலில் ஏரியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ் அம்புக்குறியை அழுத்தினார். "அகரம்தென்" என்றது மெஷின். அடுத்த ஊருக்குப் போக மறுபடி அழுத்துவதற்குள், அகரம்தென்னுக்கான லாரி நேரங்கள் உள்ள வேறு பக்கத்துக்குத் தாவிவிட்டது. திரும்பி வந்தார். அழுத்தினார். மறுபடியும் அகரம்தென். எத்தனை முறை முயன்றாலும் அதே கதை.

"என்னம்மா இது, என்னை அகரம்தென்னுக்கே தொரத்துது. அங்க நமக்கு யார் இருக்கா?" என்று சிரிக்கப் பார்த்தார். குரல் உடைந்துவிட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு லாரி சொல்லக்கூட துப்பில்ல எனக்கு. அந்த லெட்டர பிரிண்ட் எடுத்துடு."

பாய்ந்துபோய் மௌஸைப் பிடித்தேன். சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு என் மணிக்கட்டைப் பற்றினார். "வேணாம். அதையும் நீயே பண்ணிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

மௌஸை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட இணையப் பக்கங்களை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஏரியாப் பெட்டியில் இருக்கும் பெயர் மாறிய உடனே அடுத்த பக்கத்துக்குக் கிளம்பு என்று இந்தப் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் சொல்லி வைத்திருக்கிறார்கள். கண் தெரிந்தவர்கள் பட்டியலைத் திறந்து, முழுவதும் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு கிளிக் செய்கிறோம். மாற்றம் ஒரே முறைதான். இவருக்கோ ஒவ்வொரு அழுத்தலும் ஒரு மாற்றம். சேலையூருக்குப் போகும் வழியில் முதல் பெயரைத் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான். காய்கறிக் கடையில் தக்காளியை அழுத்திப் பார்க்கும்போதே பில் போட்டு நீட்டுவது போலிருந்தது எனக்கு. கோபமாக வந்தது.

"ஏங்க, ஆல்ட் கீய பிடிச்சுக்கிட்டு கீழ் அம்ப அழுத்துங்க. லிஸ்ட் தொறந்துக்கும். அப்புறம் நீங்க மெதுவா இறங்கலாம், பேஜ் எங்கயும் ஓடாது. நம்ம ஏரியா வந்ததும் என்டர்."

அழுத்தினார். அகரம்தென். பக்கம் அசையவில்லை. சிட்லபாக்கம். மாடம்பாக்கம். மேடவாக்கம். ராஜகீழ்ப்பாக்கம். ஒவ்வொன்றாக இறங்கினார். "சேலையூர்" என்றதும் ஒரு கணம் நின்று, என்டரைத் தட்டினார். நான் அழுதது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் லாரி வந்தது. "யாரு சார் புக் பண்ணது? சம்ப்பு எங்க கீது?" என்று டிரைவர் குரல் கொடுத்தார். "நான்தான் பண்ணேன், இப்படி வாங்க" என்று இவரே சுவரைத் தடவியபடி முன்னால் நடந்து காட்டினார்.

தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு வேலைய விட்டுடறேன்னு சும்மா சொல்லிப் பார்த்தேம்மா. சொன்னா எப்படி இருக்குன்னு பார்த்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாரும் லெட்டர் வரைக்கும் ஓடிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் அந்தக் கடிதத்தை அழித்தேன். இப்போது அவர் தினமும் அலுவலகம் போய் வருகிறார்.

நான் எழுதும் பக்கங்களில், தேர்ந்தெடுத்து முடித்ததும் அழுத்துவதற்கென்று இப்போது தனியாக ஒரு பொத்தான் வைக்கிறேன். வீட்டிலும் மனம் நொந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால், இதுதான் அவர்கள் முடிவா, இல்லை வழியில் கைபட்ட முதல் பெயரா என்று கேட்டுவிட்டுத்தான் ஆக வேண்டியதைப் பார்க்க எழுகிறேன்.