குறிஞ்சாக்கேணி விண்ணப்பமும் இரண்டாவது பெயரும்

சென்ற செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் திருகோணமலை பஸ் ஏறினேன். பையில் இரண்டு உடுப்பு, ஒரு மடிக்கணினி, பதினான்கு பக்க விண்ணப்பப் படிவம். பாடசாலைகளின் சுற்றாடல், விஞ்ஞானக் கல்வி வேலைகளுக்கு உதவுவதாக ஒரு நிதியம் அறிவித்திருந்தது. அடுத்த நாள் வியாழன் மாலை நான்கு மணியோடு இணையத்தில் விண்ணப்பம் மூடிவிடும். அதற்குள் என் தோழி ரிஸ்வானாவின் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

உண்மையைச் சொன்னால் நான் நேரில் போக வேண்டிய தேவை அரைவாசிதான். மீதியை வாட்ஸ்அப்பிலேயே முடித்திருக்கலாம். முடிக்க எனக்கு மனமில்லை. கிண்ணியாவுக்குப் போக ஒரு சாட்டு கிடைத்தால் அதை விடுகிற ஆள் நானில்லை.

ரிஸ்வானா குறிஞ்சாக்கேணியில் விஞ்ஞான ஆசிரியை. நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதி அறையில் இருந்து விலங்கியல் படித்தவர்கள். கடல்நீர் வந்துபோகும் களப்பின் ஓரத்தில் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வறை வைக்க வேண்டும் என்று அந்த நாளிலேயே ஒரு செய்முறைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டோம். இரண்டு யன்னல், இரண்டு மேசை, மேசைக்கு ஒரு கதிரை. வாசல் பக்கத்து மேசை அவளுக்கு, களப்பைப் பார்த்த மேசை எனக்கு. பிறகு நான் கல்யாணம் முடித்துக் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குப் போய்விட்டேன். அவள் ஊரிலேயே இருந்து கற்பிக்கிறாள்.

இதற்கு முன் மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தோம். சுற்றாடலுக்கு உதவுகிறவர்கள், இது கல்வி வேலை, அங்கே கேளுங்கள் என்றார்கள். கல்விக்கு உதவுகிறவர்கள், இது சுற்றாடல் வேலை, இங்கே ஏன் வந்தீர்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில் பதிலே இல்லை. நிதி தேடுகிறவர்கள் இதற்கெல்லாம் மனம் விடக்கூடாது என்று எழுத ஆசைதான். நாங்கள் மனம் விட்டோம், இரண்டு வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த அறிவிப்பில் இரண்டு சொல்லும் ஒரே வரியில் இருந்தன. அதைப் பார்த்த அன்றே அவளுக்கு அனுப்பினேன்.

குளிரூட்டிய பஸ்ஸுக்கு 2,100 ரூபாய். ஹபரணையில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். பகல் ஒன்றேகாலுக்குத் திருகோணமலையில் இறங்கியபோது பஸ் நிலையத்தில் இரண்டு மான்கள் நின்று வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்தன. புதிதாக வருபவர்கள் படம் எடுப்பார்கள். நான் இதே நகரத்துப் பாலையூற்றில் வளர்ந்தவள், மான் பையைப் பிடுங்கும் என்று தெரியும், பார்த்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடற்கரைப் பக்கம் நடந்துபோகும் தூரத்தில் 4,000 ரூபாய்க்கு ஒற்றை அறை கிடைத்தது. மின்விசிறி மட்டும்தான், ஆனால் வெக்கையான கச்சான் காற்று ஓய்கிற காலம் என்பதால் சமாளிக்கலாம்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கிண்ணியா பஸ். இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, ஐம்பது நிமிடம், 120 ரூபாய். போகும்போது துறைமுகம் தெரிகிற பக்கத்து யன்னலாகப் பார்த்து இருங்கள். சீனக்குடாவைத் தாண்டும்வரை உள்துறைமுகத்து நீர் மரங்களுக்கிடையில் வந்து வந்து மறையும். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. படிக்கிற காலத்தில் பாலம் இல்லை, பாதையில்தான் கடப்போம். வாகனங்களை ஏற்றி அக்கரை கொண்டுபோகிற மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். அதில் காத்திருந்த மணித்தியாலங்களில்தான் ரிஸ்வானாவும் நானும் அதிகம் பேசியிருக்கிறோம். இப்போது பாலத்தைக் கடக்க ஒரு நிமிடமும் எடுப்பதில்லை. வசதிதான், குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கிண்ணியாவிலிருந்து குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டோ 400 ரூபாய். ஓட்டோக்காரர் என் மடியில் இருந்த விண்ணப்பக் கோப்பைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, புரொஜெக்ட் ஆளா என்று கேட்டார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வருவீங்க, போட்டோ எடுப்பீங்க, போவீங்க," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கண்ட காட்சியைச் சொன்னார்.

ரிஸ்வானா பாடசாலை வாசலில் நின்றாள். அதிபரின் கையொப்பமும் வலயக் கல்வி அலுவலகக் கடிதமும் எடுத்து வைத்திருந்தாள். கோப்பைத் திறக்கக்கூட விடாமல் என்னை நேரே களப்புக் கரைக்குக் கூட்டிப்போனாள். ஆய்வறைக்கு அவள் பார்த்து வைத்திருந்த பழைய களஞ்சிய அறை அங்கே இருக்கிறது. கூரை நல்லாக இருந்தது. யன்னல் இரண்டு. உள்ளே கிழிந்த வலையும் உடைந்த வகுப்பறை வாங்குகளும் கிடந்தன. எந்த மேசை எங்கே வரும் என்று நாங்கள் இருவரும் சொல்லவில்லை, ஆனால் நான் களப்புப் பக்கத்து யன்னலடியில்தான் போய் நின்றேன்.

எட்டேகாலுக்கு யாஸீன் காக்காவின் தோணியில் ஏறினோம். ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அறுபதை நெருங்கும் மீனவர். மாதத்தில் இரண்டு நாள் ரிஸ்வானாவின் தரம் ஒன்பது பிள்ளைகளை ஆறு ஆறு பேராக ஏற்றிக்கொண்டுபோய் நீரின் மட்டத்தையும் உப்பையும் அளக்க வைப்பவர் அவர்தான். கூலி வாங்குவதில்லை. (நீங்கள் போனால் மீனவர் சங்கத்தில் கேட்டு ஒழுங்கு செய்யலாம். ஒரு மணித்தியாலத்துக்கு 2,500 என்றார்கள். மிதவை அங்கி கேட்டு வாங்குங்கள்.) கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில் தோணி புகுந்தபோது காற்று அப்படியே நின்றது. இரண்டு கொக்கு எழும்பிப்போயின. ரிஸ்வானா உப்பு அளக்கும் கருவியை என் கையில் தந்தாள். ஒரு துளி விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு. பதினெட்டு வருடத்தில் நான் என் கையால் அளந்த முதல் எண் அது. காப்புறுதிக் கம்பனியில் நான் ஒரு நாளைக்கு எத்தனையோ எண்களைப் பார்க்கிறேன். ஒன்றும் இப்படி நெஞ்சில் இடித்ததில்லை.

பத்து மணிக்குப் பாடசாலை நூலகத்தில் கணினியைத் திறந்தோம். கஷ்டம் அங்கே தொடங்கியது. ஒன்பதாம் பக்கத்தில், ஒரு வருட அளவீடுகளைத் திகதிவாரியாக அட்டவணையில் தரவேண்டும் என்று இருந்தது. பிள்ளைகளின் கொப்பியை ரிஸ்வானா பெருமையோடு தந்தாள். இருபத்திரண்டு அளவீடு, அழகான எழுத்து. ஒவ்வொன்றின் தலைப்பிலும், ஸபர் மாதம், பிறை ஒன்பது, காலை, உப்பு இருபத்தொன்பது, நீர்மட்ட முளையில் மூன்றாம் கோடு என்ற மாதிரி எழுதியிருந்தது. திகதி ஒன்றுகூட இல்லை.

நாளைக் குறியுங்கள் என்று ரிஸ்வானா சொல்லியிருக்கிறாள். தோணியில் நாளைச் சொல்கிறவர் யாஸீன் காக்கா. அவருக்கு நாள் என்றால் பிறைதான். பிள்ளைகள் அவர் சொன்னதை எழுதினார்கள். பிறைக்கும் நீர்மட்டத்துக்கும் அப்படிப் பொருத்தம் இருந்ததால் ரிஸ்வானாவும் விட்டுவிட்டாள். வாசலில் நின்ற காக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு எங்கள் பதற்றம் விளங்கவில்லை.

"திகதியப் பாத்தா தங்கச்சி தண்ணி ஏறுது?" என்று கேட்டார்.

கைப்பேசியில் ஒரு பிறைக் கலண்டரை இறக்கிப் பிறைகளைத் திகதிகளாக மாற்றத் தொடங்கினேன். நான்காவது அளவீடு ஒரு வெள்ளிக்கிழமையில் போய் விழுந்தது. ரிஸ்வானா என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், இது பிழை என்றாள். வெள்ளிக்கிழமை காக்கா தோணி இறக்குவதே இல்லை, அவர் மட்டுமல்ல, இந்தக் கரையில் யாருமே இல்லை. கைப்பேசி கணக்குப் போட்டுப் பிறையைச் சொல்கிறது. ஊரிலோ பிறை கண்டதாகக் கொழும்பிலிருந்து அறிவித்தால்தான் மாதம் பிறக்கும். ஒரு நாள் முன்னே பின்னே போகும், அதுவும் மாதத்துக்கு மாதம் வேறு. போன வருடத்துச் சுவர்க் கலண்டரைத் தேடினோம். அது தினமும் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர். வருட முடிவில் மிஞ்சியது அட்டையும் ஆணியும்தான்.

அறிவித்தல் வந்த நாட்களைப் பள்ளிவாசலில் எழுதி வைப்பார்கள் என்று சொன்னவரும் காக்காதான். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போனவர் ஒன்று பத்துக்கு ஒரு பழைய கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பாங்கு சொல்லும் மோதினார் பொறுப்பாகக் கொடுத்துவிட்டது, நாலு மணிக்கு முன்னே திரும்பக் கொடுக்க வேண்டும். அவர் வாசிக்க, ரிஸ்வானா எண்ண, நான் தட்டினேன். இருபத்திரண்டில் ஒன்றுகூட வெள்ளிக்கிழமையில் விழவில்லை. அட்டவணையில் திகதிக்குப் பக்கத்தில் பிறைக்கும் ஒரு நிரல் போட்டேன், அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. முடிக்கும்போது இரண்டு ஐம்பது.

மிச்சம் இருந்தது பதினோராம் பக்கம் மட்டும். நிதி கிடைக்கும் இரண்டு வருடமும் ஊரில் இருந்து வேலையை நடத்தும் இருவரின் பெயர் கேட்டிருந்தார்கள். முதலாவது ரிஸ்வானா. இரண்டாவது வெறுமையாக இருந்தது. மூன்று கிழமையாக இந்தப் படிவம் எங்கள் இருவருக்குமிடையில் போய்வந்திருக்கிறது. இந்த வெறும் இடத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவள் இணைத்திருந்த அறைப் படத்தில் மேசை இரண்டுதான், அதே இடங்களில்.

"உன்ர பேரப் போடட்டா?" என்று கேட்டாள்.

மகனுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கணவரின் வேலை கொழும்பில். காரணம் கேட்டால் இன்னும் பத்துச் சொல்வேன். ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுதினால் என் வீட்டில் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். சுவர் மணிக்கூட்டில் மூன்று மணியாயிற்று.

"எனக்கு ஏலாது ரிஸ்வானா," என்றேன்.

"தெரியும். கேக்காம விட்டா பிறகு நீ கவலப்படுவாய், அதான் கேட்டனான்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "காக்காட பேரப் போடு," என்றாள்.

காக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். தான் இதில் என்ன செய்யவேண்டும் என்றார். இப்போது செய்வதைத்தான் என்றாள் ரிஸ்வானா. அடையாள அட்டையை எடுத்துத் தந்தார். தகுதி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான் தயங்கினேன். நாற்பது வருடம் களப்பில் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். மூன்று நாற்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மூவரும் பிளேன்ரீ குடித்தோம். காக்கா பள்ளிவாசல் கொப்பியை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போனார்.

நாலே முக்கால் பஸ்ஸில் திரும்பினேன். துறைமுகத்து நீரில் வெயில் சாய்ந்திருந்தது. பாலத்தைத் தாண்டிச் சீனக்குடாவரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு தோடம்பழ இனிப்புத் தந்தார். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் கொழும்பு.

நவம்பரில் பதில் வந்தது. நிதி கிடைத்துவிட்டது. பிறைக்கும் நீர்மட்டத்துக்கும் போட்ட அந்த அட்டவணையைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். தைப்பொங்கல் கழிந்து ரிஸ்வானா ஒரு படம் அனுப்பினாள். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். வாசல் பக்கத்து மேசையில் அவளுடைய கைப்பை. களப்பைப் பார்த்த மேசையில் யாஸீன் காக்கா, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நுணுக்குக்காட்டிக்குள் குனிந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பிள்ளைகள். அந்தக் கதிரைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. அது என் கதிரை என்பதும் எனக்கு மறக்கவில்லை.

இனி நிதி தேடிப் போகிறவர்களுக்கு. படிவத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள், அட்டவணைகள் இருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். கல்வியா சுற்றாடலா என்று நிதியம் தன்னை எப்படி அழைக்கிறதோ அந்தச் சொல்லை உங்கள் முதல் வரியில் வையுங்கள். ஊர் அலுவலகக் கையொப்பங்களுக்குக் குறைந்தது இரண்டு கிழமை விடுங்கள். கிண்ணியாவுக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், தோணியும் இல்லை, மதியத்துக்குப் பிறகுதான் கடையும் திறக்கும். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்குப் போக்குவரத்தும் ஓர் இரவு அறையும் தோணியுமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போதும்.

இன்னொன்று. இரண்டாவது பெயர் உங்களுடையதா இல்லையா என்பதை பஸ் ஏற முன்னரே முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் யோசிக்க நேரம் கிடைக்காது. காக்காவின் முழுப்பெயர் நீளமானது, ஒரு பிழையும் இல்லாமல் தட்டினேன். என் பெயருக்கு ஐந்து எழுத்துத்தான்.