நெஞ்சுல கேமரா மாட்டின போலீஸ்காரரு

உப்பளத்துல வேலை செய்யற பொம்பளைங்க புடவைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்குவோம். தலையில துண்டைச் சுத்தி மூஞ்சியையும் பாதி மூடிக்குவோம். வெயிலும் உப்பும் சேர்ந்து தோலை உரிச்சிடும், வேற வழி இல்ல. எங்களைப் பார்த்தா ஆம்பளை யாரு பொம்பளை யாருன்னு பெத்தவளுக்கே தெரியாது. ரோட்டுல வண்டி செக் பண்ணிகினு இருந்த போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும், பாவம்.

அன்னிக்குக் காலையில உப்பு வாரிகினு இருந்தவ அப்படியே பாத்தி ஓரமா சாய்ஞ்சுட்டேன். கூட வேலை செஞ்ச என் ஓரகத்தி, அதான் கொழுந்தனார் பொண்டாட்டி, போட்ட கூச்சல்ல அந்தப் போலீஸ்காரரு வரப்பு மேல ஓடி வந்திருக்காரு. காத்து படட்டும்னு என் சட்டையில ரெண்டு பட்டனைக் கழட்டியிருக்காரு. உள்ள புடவை தெரிஞ்சதும் கொதிக்கிற சட்டியைத் தொட்ட மாதிரி கையை எடுத்துட்டாராம். எல்லாம் ஓரகத்தி அப்புறமா சொன்னதுதான்.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவ என் காதுகிட்ட வந்து, "அக்கா, அவரு நெஞ்சுல கேமரா இருந்துச்சு, சிவப்பு லைட்டு எரிஞ்சிகினே இருந்துச்சு"ன்னா. எனக்கு ஏத்தின குளுக்கோஸ் எல்லாம் அப்படியே இறங்கிப் போச்சு.

ஏன்னா, மூணு மாசமா எனக்குத் தூரம் நிக்கல. உதிரம் போய்க்கினே இருந்துச்சு. கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து வீட்டுக்காரர்கிட்டயே மூச்சு விடல. விழுந்த அன்னிக்குப் புடவையெல்லாம் கறை. டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கணும், வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னாங்க. நான் ஓரகத்தி வாயையும் அடைச்சு, வெயில் மயக்கம்னு வீட்ல சொல்லிட்டுக் கம்முனு இருந்துட்டேன். ஆனா அந்த கேமராவுல என் கறையைப் பார்த்து ஸ்டேஷன்ல நாலு ஆம்பளைங்க பேசுவாங்களேன்னு நினைச்சா சோறு இறங்கல. அந்த ஆளை மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல.

நாலாம் நாள் ஒரு மனு எழுதிகினு ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். படத்தை அழிக்கணும், அந்த ஆளைத் தண்டிக்கணும், ரெண்டே வரி. எஸ்.ஐ. ஒரு பொம்பளை. மனுவைப் படிச்சுட்டு, தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க. "நீங்க பாருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க"ன்னு கம்ப்யூட்டர்ல போட்டாங்க. நான் முந்தானையால மூஞ்சியை மூடிகினு ஒத்தைக் கண்ணால பார்த்தேன்.

முதல்ல வரப்பு குலுங்கி குலுங்கி வந்துச்சு, அவரு மூச்சு வாங்கறது கேட்டுச்சு. அப்புறம், "ஐயா, ஐயா, கண்ணைத் திறங்க ஐயா." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அந்த நிலைமையிலும். ஓரகத்தி குரல், "யோவ், அது பொம்பளைய்யா." அடுத்த மூச்சுல அவளே, "ஐயோ அக்கா, என்ன இது இவ்ளோ ரத்தம்."

அவ்வளவுதான், படம் சட்டுனு திரும்பிடுச்சு. ஒரு உப்புக் குவியல் மட்டும் தெரிஞ்சுது. அவரு குரல்: "யம்மா, இதுல சத்தமும் பதியுது. நடுவுல நிறுத்த எனக்கு அனுமதி இல்ல. நான் அந்தாண்ட போறேன். அவங்களுக்கு என்னன்னு ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க." சரக் சரக்குன்னு நடக்கிற சத்தம். குவியல் கிட்ட கிட்ட வந்து, கடைசியில திரை மொத்தமும் வெள்ளை. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்த மனுஷன் வீட்டுப்பாடம் எழுதாத பையனாட்டம் உப்பைப் பார்த்து நின்னிருக்காரு. வயர்லெஸ்ல மட்டும், "சீக்கிரம் அனுப்புங்க, உயிர் சமாச்சாரம்"னு கத்திகினே இருந்தாரு. எனக்கு என்னன்னு ஒரு வார்த்தை சொல்லல.

"இது வைத்தியம் சம்பந்தப்பட்டதுன்னு குறிச்சு, யாரும் பார்க்காம பூட்டி வைக்க மேல எழுதறேன். மனுவை என்ன பண்ணட்டும்?"னு எஸ்.ஐ. கேட்டாங்க. நான் வாங்கி நாலா மடிச்சு இடுப்புல சொருகிகினேன். கண்ணுல தண்ணி நிக்கல. வெளிய வந்தா, நெஞ்சுல அதே கேமராவோட அவரு உட்கார்ந்து பைக்கைத் துடைச்சிகினு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னாரு.

"உடம்பு எப்படி இருக்குதுங்க?"

"தேவலை தம்பி. உன்னை ரொம்பத் திட்டிட்டேன், மனசுல வச்சுக்காத."

"எங்க வீட்லயும் தினம் அதான் நடக்குதுங்க"ன்னு சிரிச்சாரு.

பஸ்ஸுல வரும்போது பூரா ஒரே நினைப்பு. ஊரு பேரு தெரியாத ஒருத்தரு எனக்காக வெயில்ல முதுகைக் காட்டிகினு நின்னாரு, நான் கட்டினவரையே நம்பாம மூணு மாசம் ஓட்டியிருக்கேன். அன்னிக்குச் சாயங்காலம் வலை பின்னிகினு இருந்த வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அவரு வலையைக் கீழ போட்டுட்டு எழுந்து போய்க் கையைக் கழுவிகினு வந்தாரு. அப்புறம், "ஸ்கேன் எத்தனை மணிக்குடி திறப்பாங்க?"ன்னாரு.