கல்லுக்கு அந்தப் பக்கத்துக் குசினி

ரயில்வே ஆட்கள் எல்லைக் கல்லில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போன அன்றே ஜெயராணியைப் பயம் பிடித்துக்கொண்டது. வத்தேகமவில், தண்டவாளத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே அந்தக் கல்லுகள் எந்தக் காலத்திலோ நட்டவை. கோழி ஏறி நிற்கும், யாராவது துடைப்பத்தைச் சாய்த்து வைப்பார்கள், மற்றபடி அவற்றை யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் அவரவர் காணி, அந்தப் பக்கம் ரயில் காணி. பக்கத்து வீட்டு றலியா சமைக்கிற குசினி அந்தப் பக்கத்தில் நிற்கிறது. அந்தக் குசினிச் சுவரையே தன் சுவராக வைத்துக் கட்டிய ஜெயராணியின் பின்னறையும் அந்தப் பக்கத்தில்தான்.

பழைய கட்டடங்களை விட்டுவிடுவார்களாம், புதிதாகக் கட்டியவற்றை உடைப்பார்களாம் என்று ஒரு பேச்சு. எல்லாவற்றையும் உடைப்பார்களாம் என்று இன்னொரு பேச்சு. கடையில் ஒரு கதை, பஸ்ஸில் ஒரு கதை. ஜெயராணி இரண்டையும் நம்பினாள். பயப்படுகிறவளுக்கு எந்தக் கதைதான் பொய்யாகத் தெரியும்?

றலியாவின் பிழைப்பே அந்தக் குசினிதான். புருசன் மௌத்தாகிப் போன பிறகு விடிய எழும்பி இடியப்பம் அவித்து, வத்தேகமக் கடைகளுக்கெல்லாம் கொடுத்துத்தான் மகளைக் கட்டிக் கொடுத்தாள். குசினி போனால் அடுப்பை எங்கே தூக்கிக்கொண்டு போவது? ஜெயராணிக்கோ பின்னறை போனால் ஒரு ரயில்வேயே போய்விடும்.

அந்த ரயில்வேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயராணிக்குத் தொழில் பல் கட்டுவது. கண்டி டவுனில், ஒரு மாடிக் கட்டடத்தின் பின்புறம், வெயிலே எட்டிப் பார்க்காத அறையில் உட்கார்ந்து ஊராரின் பொக்கை வாய்க்குப் பல் செட் செய்கிறாள். டொக்டர்மார் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை நட்டு, அதை உரசி மினுக்கிக் கொடுக்க வேண்டும். முன்பல்லில் இடைவெளி இருந்தவருக்கு அந்த இடைவெளியோடே செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி. "அழகா செஞ்சா ஆளே மாறிப்போயிருவாரு" என்பாள். இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமில்லை.

கொரோனா ஊரடங்கில் வேலைத்தலம் பூட்டிக் கிடந்தபோது, கை சும்மா இருக்கமாட்டாமல், பின்னறை ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததைப் பிளாஸ்டரில் செய்யத் தொடங்கினாள். முதலில் ரயில் கேட்டும் கேட்காவலர் குடிலும். பிறகு வளைவு, மதகு, வாழைத்தோப்பு, மேட்டு வீடுகள். இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஊரையே கொண்டுவந்து வைத்தாள். மலையை நிரப்பப் பிளாஸ்டர் போதாமல், வேலைத்தலத்தில் வீசிய பழைய தாடை அச்சுகளை மூட்டையாகக் கொண்டுவந்து உள்ளே போட்டாள். கண்டிச் சீமான்கள் எத்தனை பேரின் தாடை அந்த மலைக்குள் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஈறு செய்கிற ரோஸ் நிறத் துண்டுகள் கடதாசிப்பூ மரமாயின. சீனப் பொம்மை ஒன்றின் மோட்டாரில், தண்டவாளத்தின்மேல் நீலக் கோச்சி ஓடியது.

எல்லைக் கல்லையும் விடவில்லை. றலியாவின் குசினி கல்லைத் தாண்டித் தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பதை, தகரக் கூரையின் கரி உட்பட, அச்சொட்டாக வைத்தாள். தன்னுடைய பின்னறை மட்டும் அதில் இல்லை. குசினியோடு கதவுப் பலகை முடிந்துவிட்டது. பலகை போதவில்லை என்றுதான் கேட்டவர்களுக்குச் சொன்னாள். இன்னொரு துண்டுப் பலகை ஆணி அடிக்க எவ்வளவு நேரம் போகும் என்று நீங்களும் நானும் கேட்கலாம்.

கண்டியில் ரயில் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்பதாகவும், அவளுடையதைக் கட்டாயம் கொண்டுவர வேண்டுமென்றும் கேட்டார்கள். ஜெயராணிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள்; இது ஜெயராணி செய்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. இதையாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசை நியாயமானதுதான்.

றலியாவுக்கு அவளைவிடச் சந்தோசம். வந்து குனிந்து பார்த்து, "அல்லாஹ்வே, எங்கட குசினி! பொகக் கூண்டு வளஞ்சி ஈக்கிறதயும் வெச்சீக்கீங்களே ஜெயா! நானும் வாரன், கண்டிக்கு. எல்லாருக்கும் காட்டணும்" என்றாள்.

கல்லில் பெயின்ட் விழுந்தது இதற்குப் பிறகு. அதற்கும் பிறகு சங்கத்துக்காரர் தொலைபேசியில் குதூகலமாகச் சொன்னார், பிரதம விருந்தினர் ரயில்வேயில் பெரிய ஆள் என்று. ஜெயராணி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொண்டு போகாம விட்டுருவமா?" என்று கணவரிடம் கேட்டாள். இராமகிருஷ்ணன் ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் சீமெந்தும் நிறுத்துக் கொடுக்கிறவர். எதற்கும் பதறமாட்டார்.

"வெளங்குச்சு. இத்தன வருசமா எனக்கு ஒழுங்கா ஒரு கறி ஆக்கித் தராம இத செஞ்சிட்டு, இப்ப கொண்டு போக மாட்டியா? கல்லப் புடுங்கித் தள்ளி வையி. ஒன் கல்லுதானே?"

"வெளையாடாதீங்க. அந்தாளு பாத்தா ஒடனே ஆள அனுப்பி அளக்கச் சொல்லுவாரு. றலியா ராத்தா குசினிக்கு வந்தா அடுத்தது நம்ம அறைதான். அது நாம கட்டினது, பழசுன்னு கூட சொல்ல முடியாது."

"அப்ப குசினிய எடுத்துரு. ஆனா றலியாக்கா கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு செய்யி."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லவில்லை. சொன்னால் றலியா வேண்டாம் என்பாள். பிறகு எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, தாடை அச்சு அறுக்கும் சின்ன ஈர்வாளால் குசினியை அடியோடு அறுத்து எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் றலியா இடியப்ப மாவைக் குழைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அறுத்த இடத்தில் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவினாள். பார்த்தால் அங்கே எப்போதும் புல்தான் இருந்தது மாதிரி இருந்தது. ராத்தாவுக்காகத்தான் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சின்ன லொறியில் கதவுகள் இரண்டும் கண்டிக்குப் போயின. மண்டபத்தில் நல்ல கூட்டம். ஜெயராணியின் மேசையைச் சுற்றித்தான் சனம் அதிகம். பிள்ளைகள் கோச்சி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார்கள். அவள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஒரு கண் வாசலில், ஒரு கண் அந்தப் புல்லில்.

பிரதம விருந்தினர் வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்ட, சாதுவான மனிதர். கோச்சி வளைவில் திரும்பியதும் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் றலியாவும் வந்து சேர்ந்தாள். நல்ல அபாயா, கையில் துணி சுற்றிய வட்டிலப்பச் சட்டி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நேராகத் தன் குசினி இருக்கும் மூலைக்குக் குனிந்தாள்.

"இந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் விருந்தினர் சிங்களத்தில். "கேட் மணி பழுதானால் நாங்கள்தான் போவோம். எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த மூலையில் ஒரு குசினி இருக்க வேண்டுமே? சுடச்சுட இடியப்பம் தருவார்கள். அதை எப்படி மறந்தீர்கள்?"

ஜெயராணிக்குப் பிடிபட்டுவிட்டோம் என்ற பயம் ஒரு பக்கம். மறந்துவிட்டாய் என்று ஒருவர், அதுவும் அவளைப் பார்த்து, சொல்லிவிட்டாரே என்ற ரோசம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவள் வாயைத் திறந்தன.

"மறக்கவில்லை சேர். நான் இதைச் செய்யும்போது அது இருக்கவில்லை. அது பிறகு கட்டினது. புதுசு."

"அப்படியா? எனக்குப் பழையது மாதிரித்தான் இருந்தது" என்று தலையாட்டியபடி அவர் நகர்ந்தார்.

றலியா நிமிர்ந்தாள். கண்டியில் சிங்களம் விளங்காதவர் யார்?

சொன்ன சொல் என்ன சொல் என்பது ஜெயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. புதிதாகக் கட்டியதைத்தானே உடைப்பார்கள்! அவள் அவர் பின்னாலேயே இரண்டடி ஓடி, "சேர், நீங்கள் காணிப் பகுதியா?" என்று கேட்டாள்.

"நானா?" அவர் சிரித்தார். "நான் சிக்னல். மணியும் விளக்கும்தான் என் வேலை. காணியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஜெயராணி திரும்பி வந்தபோது றலியா சட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கட மாமி கட்டின குசினி, ஜெயா. அது புதுசா?"

"ராத்தா, பயத்துல வாய் தவறிருச்சு. ஒங்களுக்காகத்தான் எடுத்தேன்…"

"எடுத்தது பெரிசில்ல. அது பிளாஸ்டர். அந்த மனிசன் ஆருன்டே தெரியாம ஈக்கக்கொள்ளயே இப்பிடிச் சென்னீங்க. நாளக்கி மெய்யா அளக்க வந்து, பக்கத்து ஊட்டாக்கள்ட்ட கேட்டா, நீங்க என்ன செல்லுவீங்க? அதத்தான் யோசிக்கிறன்."

லொறியில் ஒன்றாகத் திரும்புவதாகப் பேச்சு. றலியா பஸ்ஸில் போய்விட்டாள்.

ஜெயராணியின் மேசைக்குத்தான் முதல் பரிசு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவளே யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் புல்லைச் சுரண்டிவிட்டுக் குசினியைப் பழைய இடத்தில் ஒட்டினாள். பொம்மைக் குசினியை ஒட்டுவது ஒரு காரியமா? அடுத்தடுத்த நாட்களில் வேலிக்கு மேலால் "ஜெயா, தேங்காப்பூ ஈக்கா?" என்ற குரல் வரவில்லை. இடியப்பம் வரவில்லை. கோச்சி வந்தால் சுவர் அதிரும், அவ்வளவுதான். இராமகிருஷ்ணன் கூடப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அளக்கிறவர்கள் ஒரு காலையில் வந்தார்கள். ஜெயராணி கைப்பையோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றாள். அவள் பின்னறை வாழைக்கும் தகர வேலிக்கும் பின்னால் மறைந்திருந்தது, பாதையில் நின்று பார்த்தால் றலியாவின் குசினி மட்டும்தான் தெரியும். பேசாமல் பஸ் ஏறிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"இது எப்போது கட்டினது?" என்று அளவுநாடா பிடித்திருந்தவர் கேட்டார்.

"என் மாமியார் காலத்தில்" என்றாள் றலியா.

"எல்லோரும் மாமியார் காலம் என்றுதான் சொல்கிறீர்கள். சாட்சி யார்?"

றலியா ஜெயராணியின் வாசலைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

ஜெயராணி கைப்பையைக் கீழே வைத்தாள். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்தக் குசினியைப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். சொல்லுக்கு இங்கே என்ன மதிப்பு? சுவரைக் காட்டினால் மதிப்பு உண்டு. அவள் அறைக்குள் நிற்கிற அந்தச் சுவர், றலியாவின் மாமியார் கட்டிய, கரியும் களிமண்ணுமான சுவர். அதோடு சேர்த்து அவளும் கணவரும் எழுப்பிய மற்ற மூன்றும் சீமெந்துக் கல். பார்த்தாலே எது முந்தியது என்று தெரியும். ஆனால் அதைக் காட்ட அந்த மனிதரை அறைக்குள் கூட்டிப் போக வேண்டும்.

"வாங்க சேர்" என்றாள். "உள்ளே வந்து பாருங்கள்."

வேலியைத் திறந்து, வாழையை விலக்கி, பின்னறைக்குள் கூட்டிப்போனாள். றலியாவும் பின்னால் வந்தாள். அவர் கோச்சி மேசையைப் பார்த்து ஒரு கணம் வாயைப் பிளந்தார். பிறகு சுவரைத் தட்டினார், சுரண்டினார், இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"சரி. குசினி பழையதுதான்" என்றார். "இந்த அறை?"

"நாங்கள் கட்டினது" என்றாள் ஜெயராணி. "இது புதுசு சேர்."

அவர் வெளியே போய், குசினிச் சுவரை விட்டுவிட்டு, அறைச் சுவரில் உடைப்பதற்கென்று சிவப்பாக ஓர் இலக்கம் போட்டார். ஆட்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். ஜெயராணி கதவுப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

றலியா மேசையைக் குனிந்து பார்த்தாள். குசினி திரும்பவும் அங்கே இருந்ததைப் பார்த்திருப்பாள். கதவுகளின் நீளத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தாள்.

"ஒடச்சாங்கன்டா இத எங்கட குசினில கொண்டாந்து வெப்பம்" என்றாள். "மாச் சட்டியெல்லாம் மத்தப் பக்கம் தள்ளலாம். தாராளமா எடம் காணும், ஜெயா."

ஜெயராணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.