டோஹாவில் நின்ற விமானம்

இயேசுவில் பிரியமான சகோதரங்களே, என் மனைவி பிலோமினா சாகக் கிடந்தாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருடம் தவக்காலத்தில் அவளுக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். சீக்கிரம் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அவளோ, "பிள்ளைக்கு நெத்தியில சிலுவை போடாம நான் அந்த மேசையில ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதற்கும் முன்னால் தாய் பெருவிரலால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைவாள். எங்களுக்குப் பிள்ளை ஒன்றுதான், ஷாமினி. அவள் இருப்பது டொரோண்டோவில்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு முகத்துவாரத்தில் மீன் கூடை சுமந்தவனுக்கு இன்று கொட்டாஞ்சேனையில் சொந்தக் கட்டிடம், ஓடுகிற லொறி ஐந்து. நான் நினைத்து நடக்காத காரியம் அதுவரை இல்லை. டிக்கட் போடும் இடத்துக்குப் போய், எவ்வளவென்றாலும் தருகிறேன், நேரே வரும் விமானத்தில் மகளை ஏற்று என்றேன்.

அங்கிருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியும், சிரித்தாள். "நேரா வாற பிளேன் இல்ல ஐயா. பதினாலாயிரம் கிலோமீட்டர். டோஹாவில இறங்கி மாறி வர ஒரு நாள் போகும். குறுக்கு ரோட்டால வா எண்டு சொல்ல இது உங்கட லொறி இல்ல."

என் அதட்டல் செல்லாத இடத்தை அன்றுதான் கண்டேன். அவள் போட்ட டிக்கட்டில் மகள் புறப்பட்டாள். நான் புனித அந்தோனியார் சொரூபத்தின் முன் முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரிடம் சொல்லி அந்த விமானத்தை வேகமாகக் கொண்டுவாரும் என்று அழுதேன்.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரியில் பிலோமினாவின் பக்கத்தில் இருந்தபோது டோஹாவிலிருந்து மகள் அழைத்தாள். "அப்பா, இங்க ஒரே பனிமூட்டம். பிளேன் எழும்பாதாம்." எனக்கு ஆண்டவரிலேயே கோபம் வந்தது. நான் கேட்டதென்ன, அவர் தந்ததென்ன?

அப்போதே டாக்டர் வந்தார். இனிப் பொறுக்க முடியாது, இப்போதே என்றார். பிலோமினா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேறு வழி தெரியாமல், போனை வீடியோவில் போட்டு அவள் முன் பிடித்தேன். மகள் அங்கே விமான நிலையக் கதிரையில் இருந்தபடியே நெற்றியைக் கிட்டக் கொண்டுவந்தாள். பிலோமினா பெருவிரலால் போன் கண்ணாடியில் சிலுவை வரைந்தாள். விரல் கீழே இறங்கிச் சிவப்புப் பட்டனில் பட, அழைப்பு அறுந்தது. பதறிப்போனாள். மகள் உடனே திரும்ப அழைத்தாள்.

"சிலுவை பட்டுட்டுது அம்மா. போனைத்தான் வெட்டிப் போட்டீங்க. பயப்படாமப் போங்க."

"சரி, கொண்டு போங்கோ" என்றாள் பிலோமினா, டாக்டரைப் பார்த்து.

நான் கேட்டபடி விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், அந்த வேளையில் என் மகள் வானத்தில் இருந்திருப்பாள். தாய் யாருக்குச் சிலுவை போட்டிருப்பாள்? யார் அவளை அந்த மேசையில் ஏற்றியிருப்பார்கள்?

மகள் வந்து இறங்கியபோது ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்திருந்தது. குழாய்களைக் கழற்றிய பிறகு தாய் முதலில் கேட்டது, "என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

இன்று அவள் வீட்டில் நடமாடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். ஆண்டவருக்கு நன்றி. என் குரல் இன்னும் பெரிய குரல்தான், ஆனால் செபத்தில் அவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். உங்கள் பிள்ளைகளும் கடல் கடந்து இருக்கலாம். கேட்டது பிந்தினால் என்னைப் போல அவரைக் கோபிக்காதீர்கள். இன்னும் ஒரு தடவை முழங்காலில் நில்லுங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.