டொலறஸின் முறையும் கூரைக்குள் வந்த அணிலும்

ஆறு தடவை. மாதா சுருபம் பியற்றிஸ் வீட்டில் வந்து தங்கிய கணக்கு அது. டொலறஸ் வீட்டுக்கு வந்த கணக்கு, 2026 மே மாதம் பிறக்கும்வரை, பூச்சியம்.

டொலறஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னாரில் பிறந்தவர். கிழக்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். கணவர் எட்வேட் பஸ் ஓட்டுகிறார். பியற்றிஸ், எட்வேட்டின் தங்கை. இல்ஃபோர்டில் நான்கு அறை வீடு, முன்னால் இரண்டு கார் நிறுத்த இடம், எந்தக் கூட்டத்திலும் முன்வரிசைக் கதிரை.

இவர்களுடைய கத்தோலிக்கக் கோயில் பங்கின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதாவின் மாதமான மே முழுவதும் ஒரு சுருபம், மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு வாரம். தினமும் மாலை ஆறரைக்கு நாற்பது பேர் வந்து செபமாலை சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சுருபம் காரில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். முறையைச் சீட்டுக் குலுக்கி எழுதுபவர் யேசுரட்ணம். ஆனால் நாற்பது பேர் இருக்க இடமில்லாத வீட்டின் பெயரை அவர் சீட்டிலேயே எழுதமாட்டார்.

டொலறஸ் பத்தொன்பது வருடம் இருந்தது பார்க்கிங் என்ற ஊரில், கவுன்சில் கொடுத்த ஏழாம் மாடி ஃபிளாட்டில். லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. அந்த வருடங்கள் எல்லாம் அவர் செபமாலைக்கு வருகிறவர்கள் சாப்பிட, பியற்றிஸ் வீட்டுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனார். பியற்றிஸின் சேலையையோ காரையோ பார்த்து அவருக்குப் பொறாமை வந்ததில்லை. சுருபம் வந்து இறங்கும்போது வாசலில் நின்று, "வாங்கோ, எல்லாரும் உள்ளை வாங்கோ" என்று சொல்லும் அந்த உரிமையைப் பார்த்துத்தான் வந்தது. அதுவும் சின்னப் பொறாமை இல்லை. வீட்டுக்குத் திரும்பும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

சென்ற செப்டம்பரில் குட்மேய்ஸில் ஒரு வீடு வாங்கினார்கள். பார்க்கப் போன அன்று டொலறஸ் சமையலறையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பின்பக்கம் நீட்டிக் கட்டியிருந்த பெரிய அறையின் நடுவில் நின்று மனதுக்குள் கதிரை அடுக்கினார். நாற்பத்திரண்டு போடலாம். ஏப்ரலில் சீட்டு விழுந்தது. மே பத்தாம் தேதி டொலறஸ், பதினேழாம் தேதி பியற்றிஸ். பியற்றிஸுக்கு முன்னால்! டொலறஸ் புதுத் திரைச்சீலை தைக்கக் கொடுத்தார்.

அதே ஏப்ரல் கடைசியில், அந்த அறையின் கூரைக்குள் ஏதோ ஓடத் தொடங்கியது.

எட்வேட் ஏணி வைத்துப் பார்த்தார். கூரை விளிம்புப் பலகையில் கைமுட்டி அளவு ஓட்டை. அதற்குள்ளிருந்து ஒரு சாம்பல் அணில் அவரைப் பார்த்தது.

"நான் ஒரு வீட்டுக்குப் பத்தொன்பது வருசம் காத்திருந்தனான்," என்றார் டொலறஸ். "இவ ஒரு ஃபோம்கூட நிரப்பாமல் வந்து குந்தியிட்டா."

மடு மாதா கோயில் மண் பாம்பு தீண்டாமல் காக்கும் என்பது மன்னார்ப் பக்கத்து நம்பிக்கை. ஊரிலிருந்து வந்த மண் டொலறஸின் அலுமாரியில் ஒரு சிறிய போத்தலில் இருந்தது. எட்வேட்டை ஏணியில் ஏற்றி அதை ஓட்டையைச் சுற்றிப் பூச வைத்தார். மறுநாள் அந்த மண்ணின்மேல் அணிலின் கால் அடையாளங்கள் பதிந்திருந்தன, உள்ளே போனதும் வெளியே வந்ததுமாக.

மே இரண்டாம் தேதி பியற்றிஸ் அறையைப் பார்க்க வந்தார்.

"அறை வடிவாத்தான் இருக்கு மச்சாள். மேலை ஆர் ஓடுகினம்?"

"அது பைப் சத்தம்."

"பைப்புக்கு நாலு கால் இருக்கோ?"

எட்வேட்டுக்கு வாய் சும்மா இருக்காது. "அணில். மடு மண்ணும் பூசிப் பாத்தாச்சு."

பியற்றிஸ் சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அது பாம்புக்கு அண்ணை! அணிலுக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" பிறகு குரலை இறக்கினார். "ஏலாட்டி சொல்லுங்கோ மச்சாள். பத்தாம் திகதியையும் நானே எடுக்கிறன். என்ரை வீடு எப்பவும் ரெடிதானே."

எப்பவும் ரெடி. அந்த இரண்டு சொல்லும் டொலறஸை இரண்டு நாள் விடவில்லை. திங்கட்கிழமை விடுமுறை. மத்தியானம் அணில் வெளியே போவதைப் பார்த்ததும் எட்வேட்டைக் கூப்பிட்டு ஓட்டையில் கம்பி வலை அடிக்க வைத்தார். நஞ்சு வைக்கவில்லை, அடிக்கவில்லை, வெளியே போன பிறகு கதவைச் சாத்தினோம், அவ்வளவுதான் என்று நினைத்தார்.

மாலையில் அணில் திரும்பி வந்தது. வலையைக் கடித்தது, பிராண்டியது, கத்தியது. செவ்வாய்க்கிழமை காலையிலும் அங்கேயே இருந்தது. கம்பியில் இரத்தம் தெரிந்தது. டொலறஸ் அறைக்குள் வந்து நின்றபோது தலைக்குமேல் இன்னொரு சத்தம் கேட்டது. கோழிக்குஞ்சு கத்துவதுபோல, மெல்லியதாக. அவருக்கு விளங்கிவிட்டது.

தமிழ்க் கடை ஒன்றின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பரை எடுத்துக் கூப்பிட்டார். வந்தவர் கௌசிகன். கூரைக்குள் புகுந்த பிராணிகளைக் கொல்லாமல் வெளியேற்றுவது அவருடைய தொழில். சீலிங்கில் விளக்குப் பூட்டியிருந்த துளை வழியாக விரல் தடிப்புக் கமெரா ஒன்றை விட்டார். சின்னத் திரையில் நான்கு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எப்ப அடைச்சனீங்கள் அன்ரி?"

"நேற்று மத்தியானம்."

"இப்ப திறந்தால் பிழைக்கும். நாளைக்கெண்டால் சொல்லேலாது."

"எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு போய்ப் பார்க்கிலை விட ஏலாதோ?"

"சாம்பல் அணிலைப் பிடிச்சால் திருப்பி விட இஞ்சை சட்டம் விடாது. பிடிச்சால் கொல்லத்தான் வேணும். குட்டியள் தாங்களா வெளியிலை ஓடித் திரியுமட்டும் பொறுங்கோ. பிறகு நான் ஓட்டையிலை ஒருவழிக் கதவு பூட்டுறன். வெளியிலை போகலாம், திரும்பி உள்ளுக்கை வரேலாது. ஒரு ஐஞ்சு கிழமை."

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை நாப்பது பேர் வருகினம் தம்பி."

கௌசிகன் திரையைத் திருப்பிக் காட்டினார். "வயரைக் கடிச்சு வச்சிருக்கு, பாருங்கோ. இந்த அறைக்கு வாற கரண்டை நிப்பாட்டுங்கோ. வயர் மாத்துமட்டும் இதுக்கை சனத்தை இருத்தக்கூடாது. குட்டியள் மேலை இருக்கேக்கை சீலிங் பலகையைக் கழட்டவும் ஏலாது."

"திறக்காட்டி?"

"திறக்காட்டி வியாழக்கிழமைக்குள்ளை சத்தம் நிண்டிடும். வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து வேலையை முடிப்பான். ஞாயிறு உங்களுக்கு ரெடி." அவர் கமெராவைச் சுருட்டினார். "ஆனால் அன்ரி, அந்த வேலைக்கு நான் வரமாட்டன்."

பியற்றிஸ் ஏழாவது தடவையாக வாசலில் நிற்பதை டொலறஸ் நினைத்தார். மடு மண் கதை இதற்குள் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்றும் நினைத்தார். வியாழக்கிழமை என்றால் இரண்டே நாள். வீட்டைவிட்டு வெளியே போய் இருந்தால் சத்தம்கூடக் கேட்காது. ஒரு கணம் அவர் அதற்கும் சம்மதித்தார். பிறகு கட்டிலில் கிடந்த புதுத் திரைச்சீலையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, குறடு எடுத்துக்கொண்டு வாங்கோ."

"என்ன, கழட்டுறதோ?" என்றார் எட்வேட்.

"மாதாவைக் கீழை இருத்திப்போட்டு மேலை குஞ்சுகளைச் சாகவிடுறதோ? கழட்டுங்கோ கெதியா."

வலை கழன்று, ஏணியை எடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அணில் வேலியிலிருந்து ஓடிவந்து உள்ளே புகுந்தது. மெல்லிய சத்தம் சிறிது நேரத்தில் அடங்கியது.

"மேலை இருக்கிறவவுக்கு எல்லாம் சரிவந்திட்டுது," என்றார் டொலறஸ். அதில் மகிழ்ச்சி இல்லை.

முதலில் யேசுரட்ணத்துக்குச் சொன்னார். விட்ட முறை விட்டதுதான், இந்த வருடம் வேறு வாரம் தர இடமில்லை என்றார் அவர். அடுத்து பியற்றிஸுக்குப் போன் எடுத்தார். இதை வேறு யாரும் சொல்லி அவர் அறியக்கூடாது என்பதில் டொலறஸ் பிடிவாதமாக இருந்தார்.

"பியற்றிஸ், பத்தாம் திகதியையும் நீரே எடும்."

"ஐயோ மச்சாள்! நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ?"

"ஓம். சொன்னனீர்."

"கவலைப்படாதேங்கோ. ரோல்ஸ் நீங்கள்தான் செய்யவேணும், என்ன? உங்கடை ரோல்ஸுக்குத்தானே பாதிச் சனம் வாறது."

"அது தெரியும். என்ரை ரோல்ஸுக்கு வாற சனத்தைத்தான் நீர் வாசலிலை நிண்டு கூப்பிடுறீர்."

பியற்றிஸ் பேச்சை மாற்றி, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார். மூன்றரை என்றார் டொலறஸ்.

பத்தாம் தேதி சுருபம் பியற்றிஸ் வீட்டில் இறங்கியது. அந்த வாரம் ஏழு மாலையும் டொலறஸ் போனார். ஏழு மாலையும் இரண்டாம் வரிசையில் இருந்தார். திரும்பும்போது ஒரு நாளும் பேசவில்லை என்கிறார் எட்வேட்.

குட்டிகள் இப்போது கூரை விளிம்பில் வந்து உட்காருகின்றன. ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, கௌசிகன் அந்த ஒருவழிக் கதவு பூட்ட வருகிறார். எலக்ட்ரீஷியன் அதற்கு அடுத்த வாரம்.