பச்சைக் கண் கரடி

யோசனை வந்தது ஒரு மின்னஞ்சலின் கடைசிப் பக்கத்தில். நல்லூரில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு, வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் விற்கப்போகும் குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் வந்திருந்தது. நெஞ்சில் ஒரு கரடிக்குட்டி. அது முதலில் சினிமாவில் விண்வெளிக்குப் போனது. பிறகு டிவி தொடரில் வாராவாரம் போனது. இப்போது அந்தப் பூங்காவில் பிள்ளைகளையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறது. கடைசிப் பக்கத்தில் இருந்தது அந்தச் சவாரியின் படம். இருட்டுக் குகை, வளைந்து போகும் தண்டவாளம், சுவரெல்லாம் கரடி, வாயைப் பிளந்துகொண்டு பிள்ளைகள்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடியவே கூடாதென்று ஒரு கட்டடம் கட்டி, உள்ளே வந்து உட்காரு என்கிறார்கள்! சவாரி முடிந்து வெளியேறும் கதவு நேராகக் கடைக்குள் திறக்கிறது. எங்கள் டி-சர்ட் அங்கேதான் தொங்கும். எனக்குக் கை பரபரத்தது. எங்கள் ஊர்ப் பொருட்காட்சியிலும் ஒரு குட்டி ரயில் ஓடுகிறதே, தகரக் குகைக்குள் நுழைந்து வெளியே வருமே, அதற்கும் ஒரு கதை இருந்தால்?

அன்று சாயங்காலமே போய் ரயில்காரரைப் பிடித்தேன். உடுமலைப்பேட்டைக்காரர்.

"ஏனுங்க அம்மணி, கரடிய ஒட்டுனா சனம் வருமுங்களா?"

"இப்ப உள்ள ஒண்ணுமே இல்லீங்களே."

"இருட்டு இருக்குதுங்களே. அதுக்கே பாதிப் பிள்ளைக அழுகுது."

ஆனாலும் சரி என்றார். கரடிக்கு எங்கே போவது? அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இந்த மாதிரிப் படம் போட்ட ஆர்டருக்குச் சட்டம் அதிகம். கரடி பல் தெரியச் சிரிக்கக் கூடாது. மூக்கின் மேல் தையல் வரக் கூடாது. கண் இந்த நீலம்தான், இந்த நிற எண்தான். பிரிண்டிங்கில் யாரோ கலவையை மாற்றிவிட, முதல் லாட் முழுக்கக் கரடிக்குப் பச்சைக் கண் விழுந்துவிட்டது. வாங்கும் கம்பெனி சார்பில் தரம் பார்க்க வருபவர் ஒரே பார்வையில் மொத்தத்தையும் கழித்துவிட்டார். மற்ற ஆர்டரில் கழிவது காதர்பேட்டைக் கடைகளுக்கு மலிவு விலையில் போய்விடும். கரடி அவர்களுடைய சொத்து என்பதால் இது போகக் கூடாது. ஒவ்வொரு துணியையும் எடுத்து, கரடியின் முகத்துக்குக் குறுக்கே கத்தரியால் வெட்டி, எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கம்பெனியில் அதற்குப் பெயரே 'தலை வாங்குறது'. கத்தரியும் கையெழுத்தும் செக்கிங் அக்காவுடையவை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எது ஓட்டை எது எண்ணெய்க் கறை என்று எனக்குப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

"அக்கா, ஒரு நாப்பது மட்டும் வெட்டாம குடுங்கக்கா."

"எதுக்குட்டி ஒனக்கு? வெளிய போச்சுன்னா எந்தலையத்தான் வாங்குவாங்க."

நான் சவாரியின் படத்தைக் காட்டினேன். குகை, வண்டி, பிள்ளைகள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். யார் பார்க்கப் போகிறார்கள், வெறும் பொருட்காட்சி என்றேன். அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிள்ளைங்க பாக்கத்தான கேக்க. கொண்டு போ. முடிஞ்சதும் எங்கிட்ட கொண்டாந்து தந்துரணும், வெட்டிருதேன்."

எல்லாம் வெட்டியாயிற்று என்று அன்றைக்கே முழு எண்ணிக்கைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் வார்த்தையை நம்பித்தான்.

குகை அழகாகத்தான் வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துணிக்குப் பின்னால் சீரியல் பல்பு. ரயில் வளையும்போது கரடி ஒவ்வொன்றாக மினுங்கி எழும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பொடிசு வெளியே வந்ததும், "டிவில இதுக்கு நீலக் கண்ணுதான? இது யாரு, இதோட தம்பியா?" என்று கேட்டாள். ரயில்காரர், "பெரியப்பா பையன் சாமி" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எத்தனையோ அம்மா அப்பாக்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். எடுங்கள், எடுங்கள் என்று நானே வழிவிட்டு நின்றேன்.

அந்த வீடியோக்களில் ஒன்றோடுதான் தரம் பார்ப்பவர் வியாழக்கிழமை வந்தார். கண் பச்சை. அவரே கழித்த லாட். வேறு யாருடையது என்று சொல்ல வழியே இல்லை. நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஆபீஸ் அறைக்கே முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். கையெழுத்துத் தாள் மேசை மேல் இருந்தது.

"இது எப்படீங்க வெளிய போச்சு?"

அக்கா என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முறைப்பில்லை, கெஞ்சலும் இல்லை. நான் வாயைத் திறக்க அவர் எனக்குக் கொடுத்த நேரம் அது. நான் லேப்டாப்பில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"எண்ணும்போது விட்டுட்டேன் போல சார்," என்றார் அக்கா.

அவரை வெளியே அனுப்பிவிட்டு முதலாளி என்னிடம் சொன்னார்: "கண்ணு, நீயே வாங்குற கம்பெனிக்கு நல்ல இங்கிலீசுல ஒரு மெயில் போட்டுடு. ஆளை நிறுத்திட்டோம்னு எழுதுனாத்தான் அடங்குவாங்க. ஆர்டர் தப்பிக்கோணும் பாரு."

எழுதினேன். வேலையில் கவனக்குறைவு கண்டறியப்பட்டது, பொறுப்பான ஊழியர் நீக்கப்பட்டார். பிழை இல்லாத ஆங்கிலம். அனுப்பும் முன் காற்புள்ளியைக்கூடச் சரிபார்த்தேன். இதை எழுதும்போது முகம் எரிகிறது. பயத்தில் வாய் அடைத்துப்போனது என்று ஒருவேளை மன்னித்துக்கொள்ளலாம். காற்புள்ளியைப் பார்த்ததை எப்படி மன்னிப்பது?

சாயங்காலம் கம்பெனி கேட்டருகே அக்கா சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். ஒதுங்கிப் போய்விடப் பார்த்தேன்.

"ஏட்டி, ரெயிலு நல்லா ஓடுச்சா?"

குத்திக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓடியது என்று தலையை ஆட்டினேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ரயில்காரரிடம் சொல்லி அன்றைக்கே கரடிகளைக் கழற்றினேன். "அவங்க கரடி அவங்களுக்குங்க, நமக்கு இருட்டுப் போதும்," என்றார் அவர். நாற்பதையும் வீட்டில் வைத்து நானே வெட்டினேன். பழக்கமில்லாத கை; ஒரு முகமும் நேராக வெட்டுப்படவில்லை.

இரண்டு வாரம் ஆயிற்று. அக்கா இப்போது வேறொரு யூனிட்டில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறார் என்று தையல் லைனில் பேசிக்கொள்கிறார்கள். செக்கிங்குக்கு யாரும் எடுக்கவில்லையாம். முந்தைய இடத்தில் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தப் பதிலை எழுதியவள் நான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மறு மெயிலை எழுதி எழுதி அழிக்கிறேன். துணி எடுக்கப்பட்டது, தகவல் மறைக்கப்பட்டது என்றே ஆங்கிலம் வந்து விழுகிறது. யார் எடுத்தது, யார் மறைத்தது என்று அதில் சொல்லாமலே தப்பித்துவிடலாம். அதனால் லேப்டாப்பை மூடிவிட்டேன். தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். நாப்பது துணி நான் எடுத்தேனுங்க. அக்கா வெட்டத்தான் இருந்தாங்க, நாந்தான் கேட்டு வாங்குனேனுங்க. அன்னைக்கு ஆபீஸ்ல உங்க முன்னாடி உக்காந்துட்டு நான் பேசாம இருந்தேனுங்க. ஒவ்வொன்றின் கடைசியிலும் நான் இருக்கிறேன்.

ஆர்டர் போகலாம். என் வேலையும் போகலாம். அக்காவைத் திரும்பக் கூப்பிடுவார்களா என்பது என் கையில் இல்லை. அவர் வருவாரா என்பதும். நாளைக்கு லைன் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் முதலாளி வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். படியிலேயே பிடித்து இந்த மூன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் என்ன சொன்னாலும் சரி, மேலே போய் முதல் மெயில் போன அத்தனை பேருக்கும் இதையே அனுப்ப வேண்டும். அதன் பிறகு அந்தப் பிசிறு வெட்டும் யூனிட் எங்கே என்று விசாரிக்க வேண்டும்.